ஊரகத் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம்

ஊரகத் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் என்பது சிற்றூர்களில் ஓரிரு ஆசிரியர்களைக் கொண்டு இயங்கும் 1 முதல் 5 வகுப்பு வரையிலான பள்ளிகளில், என்ன கற்பிப்பது, எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில், எந்தக் குழுவில் கற்பிப்பது என்பதை வகுக்கும் திட்டமாகும். பாடத்திட்டமும் கலைத்திட்டமும் ஒன்றல்ல. பாடத்திட்டம் என்பது கற்பிக்க வேண்டிய பாடப்பொருள்களின் பட்டியல். கலைத்திட்டம் அதைவிட விரிந்தது. கால அட்டவணை, விளையாட்டு, கைத்தொழில், களப்பயணம், மதிப்பீடு என்று பள்ளியில் குழந்தை பெறும் எல்லா அனுபவங்களையும் அது உள்ளடக்கும்.

அரசுப் பள்ளிகளில் பாடத்திட்டத்தையும் பாடநூலையும் மாநில அரசு வகுக்கிறது. தனிப்பள்ளி அவற்றை மாற்ற இயலாது. ஆனால் குழுக்களைப் பிரிப்பது, நேரத்தைப் பங்கிடுவது, பாடத்தை ஊரோடு இணைப்பது ஆகியவை பெரிதும் பள்ளியின் கையில் உள்ளன. விரிவான கலைத்திட்டம் சிறிய பள்ளிக்கும் சாத்தியமா என்பது இந்த மூன்றையும் பொறுத்தது. இக்கட்டுரை தமிழ்நாட்டின் பட்டறிவையும், தாம்பரம் உள்ளிட்ட சென்னையின் தெற்குப் புறநகர்ப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறது.

நேரக் கணக்கு

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும் வரையறுக்கிறது. 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்பதும் அச்சட்டத்தின் அளவீடு. இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஈராசிரியர் பள்ளியின் நிலை புலப்படும்.

800 மணி நேரத்தை 200 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 4 மணி நேரம் வருகிறது. இரண்டு ஆசிரியர்களிடம் உள்ளது 8 மணி நேர உழைப்பு. ஐந்து வகுப்புகளுக்கும் தனித்தனியே 4 மணி நேரம் கற்பிக்க வேண்டுமானால் 20 மணி நேரம் தேவை. எனவே வகுப்பு வாரியாகப் பாடம் நடத்தினால் ஒரு வகுப்புக்கு ஆசிரியர் நேரடியாகத் தரக்கூடியது 96 நிமிடம் மட்டுமே. அதை ஐந்து பாடங்களுக்குப் பங்கிட்டால் ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ 19 நிமிடம். எஞ்சிய 2 மணி 24 நிமிடமும் அவ்வகுப்புக் குழந்தைகள் பலகையில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதிக்கொண்டோ வாய்பாட்டை ஒப்பித்துக்கொண்டோ இருக்க வேண்டியதுதான்.

நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுபவை அறிவியல் சோதனை, ஓவியம், இசை, கைத்தொழில், களப்பயணம் ஆகியவை. எழுத்தும் எண்ணும் மட்டும் மிஞ்சுகின்றன. வீட்டில் புத்தகமும் தனிப்பயிற்சியும் இல்லாத குழந்தைக்கு இவற்றைத் தரக்கூடிய ஒரே இடம் பள்ளிதான். ஆகவே கலைத்திட்டம் சுருங்கும்போது அதிகம் இழப்பது அக்குழந்தையே.

முன்னோடி முயற்சிகள்

வகுப்புச் சுவரை நீக்கிவிட்டு எல்லா வயதுக் குழந்தைகளையும் ஒன்றாக அமர்த்திக் கற்பிக்கும் முறைக்கு இந்தியாவில் முன்னோடியாகக் கருதப்படுபவர்களில் ஒருவர் டேவிட் ஹார்ஸ்பரோ. இவர் 1972-இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்ற சிற்றூர்ப் பள்ளியைத் தொடங்கினார். அங்கு மொழிகள், கணக்கு ஆகியவற்றோடு தச்சு, தையல், தோட்டவேலை போன்றவையும் அன்றாடப் பாடங்களாக இருந்தன. தேர்வோ தரவரிசையோ அங்கு இல்லை. ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளியில் குறைந்த பாடங்கள் போதும் என்ற எண்ணத்தை மறுத்தது இப்பள்ளியின் சிறப்பு.

ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கல்வி மையத்தைச் சேர்ந்த பத்மநாப ராவும் ரமாவும் சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளாக்கினர். ஒரு படியை முடித்த குழந்தை, வகுப்பில் மற்றவர்கள் எங்கிருந்தாலும், அடுத்த படிக்குச் செல்லலாம். நாட்டுப்புறக் கதைகளும் பாடல்களும் பொம்மலாட்டமும் இந்த அட்டைகளில் இடம்பெற்றன. பள்ளிக்குத் தேவையான கற்றல் கருவிகள் எல்லாம் ஒரு பெட்டியில் அடங்கியதால் இது "பெட்டிக்குள் பள்ளி" என்று அறியப்பட்டது.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல்

ரிஷிவேலி முறையைத் தழுவி, எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக விரிவாக்கப்பட்டு, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்குச் சென்றது. ஏறத்தாழ 37,000 பள்ளிகளில் 1 முதல் 4 வகுப்பு வரை இம்முறை நடைமுறைக்கு வந்தது.

ஒவ்வொரு பாடமும் ஓர் ஏணியாகவும், ஏணியின் படிகள் மைல்கற்களாகவும் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு படிக்கும் உரிய அட்டையில் விலங்கு, பறவை போன்ற சின்னங்கள் இருந்தன. எழுத்துத் தெரியாத குழந்தையும் சின்னத்தைப் பார்த்துத் தன் அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பகுதி உதவி, தானே கற்றல், மதிப்பீடு என ஆறு குழுக்களாகக் குழந்தைகள் பாயில் அமர்ந்தனர். சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைந்தன. வருகைப் பதிவையும் வானிலை அட்டவணையையும் குழந்தைகளே நிரப்பினர்.

இம்முறையின் பெரும்பயன் மேற்கண்ட நேரக் கணக்கை மாற்றியதுதான். ஆசிரியர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படவில்லை. தேவைப்படும் குழுவோடு மட்டும் அமர்ந்தார். காய்ச்சலால் பத்து நாள் வராத குழந்தை விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது. பாடத்தைத் தவறவிட்டதால் பள்ளியையே விட்டுவிடும் குழந்தைகளுக்கு இது முக்கியமானது.

குறைகளும் வெளிப்பட்டன. அட்டைகள் கிழிந்தாலோ தொலைந்தாலோ ஏணியில் ஒரு படியே காணாமல் போனது. சில இடங்களில் படியைத் தாண்டுவதே நோக்கமாகிக் குழந்தைகள் அட்டையைப் பார்த்து எழுதுவதோடு நின்றனர். பாடநூலை வைத்துப் படிக்காததைக் கண்டு பெற்றோர் கவலைப்பட்டனர். மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டைத் தொகுதி என்பதால் அந்தந்த ஊரின் ஏரி, தொழில், வரலாறு ஆகியவற்றுக்கு அதில் இடம் குறைவாக இருந்தது.

2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் அறிமுகமாயின. கொரோனாக் கால இடைவெளிக்குப் பின், 2022-23-இல் எண்ணும் எழுத்தும் இயக்கம் 1 முதல் 3 வகுப்புகளில் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கு விரிந்தது. இதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலை வாரியாகக் குழுவாக்கப்படுகின்றனர். குழந்தையின் நிலையறிந்து கற்பித்தல் என்ற செயல்வழிக் கற்றலின் அடிப்படை இதிலும் தொடர்கிறது.

வடிவமைப்பின் கூறுகள்

மேற்கண்ட பட்டறிவிலிருந்து ஈராசிரியர் பள்ளிக்குப் பொருந்தும் மூன்று கூறுகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, குழுப் பிரிப்பு. ஐந்து வகுப்புகளை 1-2, 3-4-5 என இரண்டு குழுக்களாக்கினால், ஒவ்வொரு குழுவோடும் நாள் முழுவதும் ஓர் ஆசிரியர் இருப்பார். 96 நிமிடம் 4 மணி நேரமாகிறது. குழுவுக்குள் பல நிலைகள் இருக்கும். ஆனால் ஆசிரியர் அறையை விட்டு அகல வேண்டியதில்லை.

இரண்டாவது, பாடங்களை இரு வகையாகப் பிரித்தல். வாசிப்பும் கணக்கும் படிப்படியானவை. கூட்டல் தெரியாமல் பெருக்கலுக்குச் செல்ல இயலாது. இவற்றை ஏணி முறையில், அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்க வேண்டும். அறிவியல், சமூக அறிவியல், ஓவியம், இசை, கைத்தொழில் ஆகியவற்றில் அவ்வளவு இறுக்கமான வரிசை இல்லை. நீர், நிலம், தொழில் போன்ற பொதுக் கருப்பொருளில் மூன்று வகுப்புகளும் சேர்ந்து கற்கலாம். செய்யும் வேலை மட்டும் வகுப்புக்கேற்ப மாறும். கருப்பொருள்களை மூன்றாண்டுச் சுழற்சியில் அமைத்தால், 3-ஆம் வகுப்பில் சேரும் குழந்தை 5-ஆம் வகுப்பை முடிப்பதற்குள் எல்லாவற்றையும் ஒருமுறை கண்டுவிடும். பாடநூலில் அவ்வகுப்புக்குரிய பாடங்கள் விடுபடாமல் இருக்க, ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பாடத்தையும் உரிய கருப்பொருளின்கீழ் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, அடிப்படைத் திறனை விரிந்த பாடங்களுக்குள்ளேயே பயிற்றுவித்தல். வாசிக்கத் தெரிந்த பிறகுதான் அறிவியல் என்று காத்திருந்தால் சில குழந்தைகளுக்கு அறிவியல் கிடைக்கவே கிடைக்காது. மழை அளவைப் பதிவதில் கணக்கும், பறவைப் பெயர்களை எழுதுவதில் தமிழும் இருக்கின்றன. வாசிக்கத் திணறும் குழந்தையும் சோதனையில் பங்கேற்கலாம். தான் கண்டதைச் சொல்ல, ஆசிரியர் எழுதி, அதையே அக்குழந்தைக்கு வாசிப்புப் பாடமாக்கலாம்.

தெற்குப் புறநகர்: ஊரே பாடப்பொருள்

தாம்பரம் மாநகராட்சி 2021-இல் உருவானது. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் பலவும் இன்றும் பரங்கிமலை, காட்டாங்குளத்தூர் ஊராட்சி ஒன்றியங்களில் உள்ளன. நிர்வாகத்தில் ஊரகமாகவும் வாழ்க்கையில் பாதி நகரமாகவும் உள்ள ஊர்கள் இவை. வயல் மனையாகிறது, கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள் உள்ளூர்க் குழந்தைகளோடு அமர்கின்றனர். எனவே நடுவாண்டில் சேரும் குழந்தையை ஏற்கக்கூடிய ஏணி முறை இங்கு இன்னும் தேவையாகிறது.

இப்பகுதியில் பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

கணக்கு: இந்திய நில அளவைக்காக வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் அளக்கத் தொடங்கிய அடிக்கோடு, பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் வரை சென்றது. அதன் நீளம் ஏறத்தாழ 7½ மைல், அதாவது 39,600 அடி. அளக்கப் பயன்பட்டது 100 அடி எஃகுச் சங்கிலி. எத்தனை முறை சங்கிலியை நீட்டியிருக்க வேண்டும் என்பது 5-ஆம் வகுப்பு வகுத்தல் கணக்கு, விடை 396. பத்து மீட்டர் கயிற்றால் பள்ளித் தெருவை அளப்பது 3-ஆம் வகுப்பின் வேலை.

வரலாறு: இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலில் பெரிய திருப்பமான அக்கண்டுபிடிப்பு மின்தொடர் வண்டியில் சில நிறுத்தங்கள் தள்ளி நிகழ்ந்தது என்பதே குழந்தைகளின் ஆர்வத்தைத் தூண்டும். அந்தத் தடத்தில் சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்சார இரயில் 1931 முதல் ஓடுகிறது.

கைத்தொழில்: அனகாபுத்தூர் நெசவுக்குப் பெயர்பெற்றது, வாழைநார் போன்ற இயற்கை நார்களில் நெய்யும் நெசவாளர்கள் அங்கு உள்ளனர்.

அறிவியல்: பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நன்மங்கலம் காப்புக்காடும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் அருகில் உள்ளன.

மாதிரி அலகு: நம் ஊர் ஏரி

சிட்லப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் போன்ற ஏரிகள் தொடராக அமைந்து, நிறைந்த நீரைப் பள்ளிக்கரணை நோக்கி அனுப்புபவை. மேற்கே அடையாற்றின் கரையிலுள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது இப்பகுதிக் குழந்தைக்கு உயிர் காக்கும் அறிவுமாகும்.

நான்கு வார அலகு ஒன்றைப் பின்வருமாறு அமைக்கலாம். 3-ஆம் வகுப்பினர் ஏரிக்கரையில் காணும் பறவைகளையும் செடிகளையும் எண்ணிப் பட்டியலிடுவர். 4-ஆம் வகுப்பினர் பள்ளி வளாகத்தில் வைத்த நேரான சுவருள்ள பாத்திரத்தில் நாள்தோறும் மழை அளவை எடுத்துப் பட்டை வரைபடமாக்குவர். 5-ஆம் வகுப்பினர் மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் ஆகியவற்றைக் குறித்து ஊர்ப்படம் வரைவர். ஏரிநீரில் பயிரிட்ட முதியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து மூவரும் சேர்ந்து கேள்வி கேட்பர். 1-2 வகுப்புகளுக்கு மீன், தவளை, நாரை பற்றிய பாட்டும் களிமண் பொம்மையும் உண்டு. இறுதியில் பெற்றோர் முன்னிலையில் எல்லாரும் தம் வேலையைக் காட்டி விளக்குவர்.

களப்பயணத்துக்குப் பெற்றோரின் ஒப்புதலும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களின் துணையும் வேண்டும். குழந்தைகள் கரையோடு நிற்க வேண்டும். நீரில் இறங்கக் கூடாது. மழைக்காலத்தில் பயணத்தைத் தவிர்க்க வேண்டும்.

மதிப்பீடு

இத்தகைய வேலைகளுக்குத் தனித் தேர்வு தேவையில்லை. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் செயல்பாடுகளைப் பார்த்து மதிப்பிடும் வளரறி மதிப்பீடு ஒரு பகுதியாக உள்ளது; குழந்தை வரைந்த படமும் மழைக் குறிப்பேடும் அதற்கே சான்றாகும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோப்பில் பருவத்துக்கு நான்கைந்து வேலைகளைச் சேர்த்து வைத்தால், முன்னேற்றத்தைப் பெற்றோரும் கண்ணால் காணலாம். பாடநூல் வேலை நடக்கவில்லையே என்ற கவலையைத் தீர்க்கவும் இக்கோப்பு உதவும்.

நடைமுறை வரம்புகள்

ஓர் ஆசிரியர் விடுப்பிலோ பயிற்சியிலோ சென்றால் இரண்டு குழுக்களும் ஒருவரிடம் வந்துவிடும். அத்தகைய நாட்களுக்கென்று வாசிப்பு நூல்கள், புதிர் அட்டைகள், மூத்த குழந்தைகள் இளையோருக்குக் கதை படித்துக் காட்டுதல் ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆசிரியர் மாறுதலாகும்போது திட்டமும் அவரோடு போய்விடாதிருக்க, மூன்றாண்டுச் சுழற்சியும் அலகுக் குறிப்புகளும் பள்ளிப் பதிவேடாக எழுதி வைக்கப்பட வேண்டும். முதல் ஆண்டில் பருவத்துக்கு ஓர் அலகு போதுமானது. மூன்று பருவங்களில் மூன்று அலகுகளை நன்றாக முடித்த பள்ளி, அடுத்த ஆண்டில் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம்.