மின்னஞ்சலும் நற்பெயரும்

வைப்பாற்றங்கரையிலே, கரிசல் மண்ணை நம்பி மிளகாயும் மல்லியும் உளுந்தும் விளைவிக்கும் கிராமங்கள் சூழ்ந்த விளாத்திகுளத்தில் கமிஷன் கடை நடத்துகிற ஒரு வியாபாரி, வற்றல் மூட்டைகளை எடை போட்டு முடித்தவுடனே விருதுநகரிலும் சென்னையிலும் உள்ள கொள்முதல்காரர்களுக்குப் பட்டியல் தானாகவே மின்னஞ்சலில் போய்ச் சேரவேண்டும் என்று விரும்பினால், அதற்கான நிரலை எழுதித் தருவது இக்காலத்தில் அரிய காரியமாகாது. ஆயினும் அவ்வேலையில் இறங்கும் இளைஞர் பலருக்கும் தொடக்கத்திலேயே ஓர் ஐயம் எழுகிறது: கடிதத்தைக் கொண்டு சேர்ப்பதற்கு மின்னஞ்சல் சர்வர் ஒன்று நம்மிடமே இருக்கவேண்டாமா? வேண்டாம் என்பதே விடை; ஏன் வேண்டாம் என்பதிலேதான் இந்த விஷயத்தின் சுவாரசியம் முழுவதும் இருக்கிறது.

ஒவ்வொரு மின்னஞ்சலும் இரு யந்திரங்களுக்கிடையே நடைபெறும் மிகச் சம்பிரதாயமான ஒரு சம்பாஷணையின் மூலமாகவே கை மாறுகிறது. அதற்குரிய விதிகளை அமெரிக்க விஞ்ஞானி ஜோனத்தன் போஸ்டல் 1982ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்டார், எஸ்.எம்.டி.பி. என்று வழங்கும் அவ்விதிகள், பின்னர் பல திருத்தங்களைப் பெற்றபோதிலும், சாராம்சத்தில் இன்றளவும் மாறவில்லை. அனுப்பும் யந்திரம் தொடர்பு கொண்டதும், ஏற்கும் சர்வர் 220 என்ற எண்ணைச் சொல்லித் தான் ஆயத்தமாயிருப்பதை அறிவிக்கிறது. அனுப்பும் யந்திரம் தன் பெயரைச் சொல்லி, அனுப்புநர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் கிரமமாகத் தெரிவிக்க, ஒவ்வொன்றுக்கும் 250 என்று சம்மதம் கிடைக்கிறது. கடிதத்தைத் தரலாமா என்று கேட்டால் 354 என்று அனுமதி வருகிறது. கடிதம் முழுவதையும் ஒப்பித்தபின், முடிந்ததற்கு அடையாளமாகத் தனி வரியிலே ஒரே ஒரு புள்ளி வைத்தவுடன் மீண்டும் ஒரு 250 வருகிறது.

இந்தக் கடைசி 250க்கு, இனி இக்கடிதத்துக்கு நானே பொறுப்பு என்று பொருள். பெறுநரின் களப்பெயருக்கு, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பகுதிக்கு, உரிய சர்வர் எது என்று தேடுவதும், அது பதில் சொல்லாவிட்டால் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நான்கைந்து நாட்கள் வரையிலும் மீண்டும் மீண்டும் முயல்வதும், முயற்சி பலிக்காவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் தருவதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். தெருமுனைத் தபால்பெட்டியிலே கடிதத்தைப் போட்டவர், அது எந்த ரயிலில் ஏறுகிறது, யார் பட்டுவாடா செய்கிறார் என்று கவலைப்படாததைப்போல, நம்முடைய நிரலும் யாரேனும் ஒரு நல்ல சர்வரிடமிருந்து அந்த 250ஐப் பெற்றுவிட்டால் தன் கடமையை முடித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அந்தச் சர்வரை நாமே ஏன் அமைத்துக்கொள்ளக் கூடாது? மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, கிடைக்காதது நம்பிக்கை. 1978 மே மாதத்தில் அமெரிக்கக் கம்ப்யூட்டர்க் கம்பெனி ஒன்றின் விற்பனை அதிகாரி, கேட்காதவர்கள் சுமார் 400 பேருக்கு விளம்பரக் கடிதம் அனுப்பிய நாள்தொட்டு, வேண்டாத அஞ்சலைத் தடுக்கும் முயற்சியே இத்துறையின் தீராத கவலையாகிவிட்டது. அதன் விளைவாக, சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாயிலாகிய 25ஆம் எண் போர்ட்டைப் பல இணையக் கம்பெனிகள் சாதாரணச் சந்தாதாரர்களுக்கு அடைத்துவிட்டன; வீட்டு இணைப்புகளின் அடிக்கடி மாறும் இணைய முகவரி எண்களிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய சர்வர்கள் சந்தேகத்துடனேயே நோக்குகின்றன. இது போதாதென்று, இன்ன சர்வர்களே எங்கள் பெயரால் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். பதிவும், கடிதத்தில் இரகசியச் சாவியால் இடப்படும் டி.கே.ஐ.எம். கையொப்பமும், இவற்றில் தவறிய கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவும் வழக்கத்துக்கு வந்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருந்தாக வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் நிபந்தனை விதித்திருக்கிறது.

ஆகவே நற்பெயருள்ள சர்வர் ஒன்றை இரவல் பெறுவதே விவேகம். அதற்கு எளிய மார்க்கம், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அஞ்சல் கணக்கு. இவ்வாறு கடிதங்களை ஒப்படைப்பதற்கென்றே 1998இல் ஒதுக்கப்பட்ட 587ஆம் எண் போர்ட்டில் தொடர்பு கொண்டு, சம்பாஷணையைக் குறியாக்கத்தால் மறைத்து, பெயரும் கடவுச்சொல்லும் சொன்னால், 235 என்று அனுமதி கிடைக்கிறது. பைத்தான் மொழியுடன் கூடவே வரும் எஸ்.எம்.டி.பி.லிப் என்னும் தொகுப்பைக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வரிகளில் இதை எழுதிவிடலாம். ஜிமெயிலைப் பயன்படுத்துவோர் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, நிரலுக்கென்று பிரத்தியேகமாக 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றைப் பெறவேண்டும். சாதாரணக் கணக்குக்கு நாளொன்றுக்கு 500 கடிதங்களே வரம்பு என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

வியாபாரம் பெருகி, கடையின் சொந்தக் களப்பெயரிலேயே பட்டியல்கள் செல்லவேண்டுமானால், அனுப்புவதையே தொழிலாகக்கொண்ட சேவைகளை நாடலாம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலே அலுவலகம் அமைத்துத் தென்மாவட்டத்தார் அனைவருக்கும் அறிமுகமாகிவிட்டதும், 1996இல் தொடங்கப்பெற்றதுமான ஜோஹோ ஸ்தாபனத்தின் ஜெப்டோமெயில் இவ்வகையைச் சேர்ந்தது. பட்டியல், ரசீது, ஒருமுறைக் கடவுச்சொல் போன்ற காரியக் கடிதங்களுக்கு மட்டுமே அது இடங்கொடுக்கிறது. விளம்பரக் கடிதங்களால் எழும் புகார்கள், அதே சர்வர்களைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்களின் பெயரையும் பாதிக்குமாதலால், அவற்றுக்கு அங்கே அனுமதியில்லை. சேவை தரும் பதிவுகளை நம் களப்பெயரிலே ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும், எஸ்.எம்.டி.பி. வழியாக மட்டுமின்றி, சாதாரண இணையப் போக்குவரத்து செல்லும் வழியிலேயும் கடிதத்தை ஒப்படைக்க முடிவதால், அஞ்சல் போர்ட்டுகள் அடைபட்டிருப்பதும் ஒரு தடையாகாது.

இரவல் பெற்றவருக்குச் சில கடமைகள் உண்டு. கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால், அந்நிரல் கைமாறும்போது அதுவும் கூடவே போய்விடும். ஆதலால் அதைத் தனியே காப்பது அவசியம். சர்வர் சொல்லும் எண்களுக்கும் நிரல் செவிசாய்க்க வேண்டும்: 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம்; 5இல் தொடங்கினால் திட்டவட்டமான மறுப்பு. இல்லாத முகவரி என்று சர்வர் 550 சொல்லித் திருப்பிய பின்னரும் அதற்கே நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிற நிரல், தன் பெயரோடு இரவல் கொடுத்தவரின் பெயரையும் கெடுக்கிறது. அத்தகைய கணக்கை எந்தச் சேவையும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை.