அசிட்டோன்

அசிட்டோன் என்பது நிறமற்ற, விரைவில் ஆவியாகும் கரிமக் கரைப்பான் ஆகும். இது 56 பாகை செல்சியசில் கொதிக்கும். நீருடன் எந்த அளவிலும் கலக்கும். தொழிற்சாலைகளில் கியூமீன் முறையில் பீனாலுடன் சேர்ந்து உற்பத்தியாகிறது.

பயன்கள்

வேம்பார் உள்ளிட்ட தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் மீன்பிடிக்க உதவும் ஃபைபர் படகுகள், கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்து உருவானவை. இத்தகைய படகுகளைக் கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் தூரிகையில் ஒட்டும் பிசினை அசிட்டோன் கரைக்கிறது. பிசின் இறுகி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்தபின் கரையாது. எனவே கருவிகளை உடனே கழுவ வேண்டும்.

பாதுகாப்பு

அசிட்டோன் சாதாரண வெப்பநிலையிலேயே எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி காற்றைவிட இருமடங்கு கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். கைகளை இதனால் கழுவினால் எண்ணெய்ப்பசை நீங்கித் தோல் வறண்டுவிடும்.