ஷீட்டை உடைக்காமல் இறக்குங்கள்

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் வீடு, ஏரலில் கடைச் சாய்ப்பு, அம்பாசமுத்திரம் பக்கம் மாட்டுத்தொழு. தாமிரபரணிக் கரையில் எங்கே நின்றாலும் தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுதான். ஓலையைவிட நாள்பட உழைக்கும், கான்கிரீட்டைவிட மலிவு. போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இந்த ஷீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார் எனும் ஆஸ்பெஸ்டாஸ் இழை. மீதி பெரும்பாலும் சிமெண்டும் அனல்மின் நிலையச் சாம்பலும். ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில் நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது அந்த இழை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே தடை செய்துவிட்டது. இங்கே இன்றும் கடையில் கிடைக்கிறது.

முழு ஷீட்டில் இழை பெரும்பாலும் சிமெண்டோடு இறுகிக் கிடக்கும். போல்ட்டுக்குத் துளை போடும்போதும், கட்டிங் மெஷினில் அறுக்கும்போதும், பழையதை மேலிருந்து தள்ளி உடைக்கும்போதும்தான் அது கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறக்கிறது. மூச்சோடு போனது நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் புற்று, நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா எல்லாம் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான் கல்நார் ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 1995-ல். கூரை ஏறும் கொத்தனாருக்கும் கையாளுக்கும் எந்தப் பதிவேடும் கிடையாது. என்னை வாட்டுவது இதுதான்.

கூரை மாற்றுகிறவர்கள் முதலில் ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைக்க வேண்டும். வேலை முடியும்வரை ஈரம் காயக்கூடாது. போல்ட்டைக் கழற்றி ஷீட்டை முழுசாக இறக்குங்கள். பழைய ஷீட் பாரம் தாங்காது, அதன்மேல் கால் வைக்காதீர்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, என்95 முகக்கவசமும் போதாது; எஃப்எஃப்பி3 அல்லது பி100 வகை முகக்கவசம் வேண்டும். விழுந்த தூளை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் ஷீட்டையும் தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள். வேலை செய்த உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. உடையில் ஒட்டி வந்த தூசியால் நோயுற்ற மனைவிமார் பல நாடுகளில் உண்டு.

2023 டிசம்பர் 17, 18 பெருவெள்ளத்தில் ஆற்றோரம் எத்தனையோ வீடுகள் இடிந்தன. இப்படி இடிந்த வீட்டின் ஷீட்டுத் துண்டுகளைப் பள்ளம் தூர்க்கவும் வரப்புக்கு முட்டுக் கொடுக்கவும் எடுப்பது நம் வழக்கம். வண்டிச் சக்கரம் ஏறி நொறுங்க நொறுங்க, காய்ந்த நாளில் தூசி கிளம்பும். குப்பையோடு போட்டுக் கொளுத்தினால் ஷீட் வெடித்துச் சிதறும்.

வீட்டுக்காரர் எவ்வளவு கவனமாகக் கட்டிவைத்தாலும், அந்தக் கட்டு நெல்லை மாநகராட்சியின் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கில் மற்றதோடு கொட்டப்பட்டால் பட்ட பாடு வீண். ஷீட்டை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ள மாநகராட்சியும் ஊராட்சிகளும் மாதம் ஒரு நாளாவது வண்டி அனுப்ப வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் அது நடக்க வேண்டும்.