ஊட்டியிலிருந்து முதுமலை சஃபாரி: ‘நைட் சஃபாரி’க்குக் கூப்பிட்டால் போகலாமா? எப்படித் திட்டமிடுவது? முழு விவரம்

ஊட்டிக்கு டூர் போகும் பலரும் கேட்கும் கேள்வி இது: “அப்படியே கீழே இறங்கி யானை, புலி எல்லாம் பார்த்துட்டு வந்துடலாமா?” தாராளமாகப் பார்க்கலாம். பெர்ன்ஹில், தலைக்குந்தா என்று ஊட்டியை ஒட்டி எங்கே தங்கினாலும் முதுமலை புலிகள் காப்பகம் சில மணி நேரப் பயணம்தான். ஆனால் விதிகள் தெரியாமல் கிளம்பினால் பணம் வீணாகும், அபராதம் கட்ட நேரும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும்.

முதுமலையில் அப்படி என்ன இருக்கு?

1940-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட முதுமலை, 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. மொத்தப் பரப்பு சுமார் 688 சதுர கிலோமீட்டர். இதில் மையப்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். கர்நாடகாவின் பந்திப்பூர், கேரளாவின் வயநாடு காடுகள் இதோடு ஒட்டியே இருக்கின்றன.

பெர்ன்ஹில்லில் இருக்கும் பழைய அரண்மனை, மைசூர் மன்னர்களின் கோடைக்கால மாளிகையாக இருந்தது. அதே மன்னர் குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்ததுதான் பந்திப்பூர். 1973-ல் ‘புலிகள் பாதுகாப்புத் திட்டம்’ தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட 9 காடுகளில் அதுவும் ஒன்று.

யானை, காட்டுமாடு, புள்ளிமான், கடமான், செந்நாய், மலை அணில், மயில் இவற்றைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. புலியும் சிறுத்தையும் இருக்கின்றன. கண்ணில் படுவது அதிர்ஷ்டம். மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் அழிவின் விளிம்பில் இருக்கும் பாறு கழுகுகளும் கூடு கட்டுகின்றன.

ஆப்பிரிக்கா சஃபாரி மாதிரி இருக்குமா?

இருக்காது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா 19,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். பெரும்பாலும் திறந்தவெளிப் புல்வெளியும் புதர்க்காடும்தான். அங்கே சொந்தக் காரிலேயே சுற்றலாம், ஆனால் அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் கீழே இறங்கக் கூடாது.

முதுமலை மரங்கள் அடர்ந்த காடு. உண்ணிச்செடிப் புதர்களும் பல இடங்களில் மண்டிக் கிடக்கின்றன. பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாமல் போகலாம். அதனால் ஒரு ட்ரிப்பில் புலி தெரியவில்லை என்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

எது உண்மையான சஃபாரி?

மையப்பகுதிக்குள் சொந்த வண்டியில் போக முடியாது. தெப்பக்காட்டில் இருந்து வனத்துறை இயக்கும் வாகனத்தில் மட்டுமே காட்டுக்குள் போகலாம். காலை, மாலை என இரண்டு வேளை இது நடக்கும். காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் முன் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தெப்பக்காடு யானைகள் முகாமையும் தவற விடாதீர்கள். 2023-ல் ஆஸ்கர் வென்ற ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படத்தில் வந்த பொம்மன், பெள்ளி தம்பதி யானைக்குட்டிகளை வளர்த்தது இங்கேதான். யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள்.

“சார், நைட் சஃபாரி போலாமா?”

மசினகுடி பக்கம் போனால் இப்படி யாராவது கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரவில் தனியார் ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போவது சட்டவிரோதம். அனுமதி இல்லாமல் காப்பகத்துக்குள் நுழைந்தால், வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி ஓட்டுநர் மீது மட்டுமல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்கள் மீதும் நடவடிக்கை எடுக்கலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பகுதி யானைகளின் வழித்தடம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய் வரும் பாதை இது. இங்கே ரிசார்ட்டுகள் பெருகியதால் வழக்கு நடந்தது. வழித்தடத்தைப் பாதுகாக்க 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

அடுத்த சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், மசினகுடி அருகே தங்கும் விடுதி ஒன்றிலிருந்து எரியும் டயரை வீசியதில் காட்டு யானை ஒன்றுக்குக் காதில் தீக்காயம் ஏற்பட்டது. பின்னர் அந்த யானை இறந்துபோனது. ஹாரன், டார்ச் லைட், விரட்டல் என மனிதர்களால் மிரண்ட யானை அடுத்து எதிரில் வருபவரைத் தாக்கலாம். அது பெரும்பாலும் டூரிஸ்ட்டாக இருக்காது. விறகு எடுக்கப் போகும் உள்ளூர்க்காரராகவோ, பைக்கில் வீடு திரும்புபவராகவோ இருக்கும்.

எந்த ரூட்டில் போவது?

ரூட் 1: தலைக்குந்தா, கல்லட்டி, மசினகுடி வழியாக தெப்பக்காடு. சுமார் 36 கிலோமீட்டர்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். பிரேக் சூடாகி நடந்த விபத்துகள் பல. வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. செக்போஸ்டில் விசாரிக்காமல் இறங்க வேண்டாம்.

ரூட் 2: பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாக. சுமார் 67 கிலோமீட்டர். நேரம் கூடுதல்தான், ஆனால் மலைப் பாதையில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு இதுதான் நல்லது.

பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் திட்டம் இருந்தால், அந்தச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை என்பதை மறக்காதீர்கள்.

தங்குவது மேலேயா, கீழேயா?

காலை சஃபாரிக்கு பெர்ன்ஹில்லில் இருந்து கிளம்பினால் விடியும் முன்பே காட்டுச் சாலையில் இறங்க வேண்டும். மாலை சஃபாரி முடித்தால் இருட்டில் ஏற வேண்டும். இரண்டுமே ரிஸ்க். அதனால் ஒரு இரவு கீழே தங்குவதுபோலத் திட்டமிடுங்கள். தெப்பக்காடு, மசினகுடி பகுதிகளில் வனத்துறைக்கே விடுதிகள் உண்டு. அறைகள் குறைவு, சீக்கிரம் பதிவு செய்ய வேண்டும்.

எப்போது போகலாம்?

மழைக்குப் பிறகு காடு பச்சையாக இருக்கும், ஆனால் புதர் மறைக்கும். ஜனவரிக்குப் பிறகு இலை உதிர்ந்து, விலங்குகள் தண்ணீரைத் தேடி வருவதால் பார்ப்பது எளிது. ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ அபாயம் அதிகம் என்பதால் சஃபாரியை நிறுத்தி வைப்பதும் உண்டு. கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன் செக் லிஸ்ட்

* இ-பாஸ்: 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்குக் கட்டாயம். ஆன்லைனில் இலவசம். சீசனில் தினசரி வாகன எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு.
* பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம். நீலகிரியில் தடை.
* ஊட்டியில் ஸ்வெட்டர் தேவை. 1,000 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கும் தெப்பக்காட்டில் பகலில் வெயில் அடிக்கும். இரண்டுக்கும் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.
* காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். குரங்குக்கோ மானுக்கோ எதுவும் கொடுக்காதீர்கள்.
* சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், இடைவெளி விட்டு, அது போகும் வரை காத்திருங்கள். செல்ஃபி வேண்டவே வேண்டாம்.