திண்ணையில் பிரித்த புல்லட் என்ஜின்

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, முன்னால் தகரம் இறக்கிய சின்னத் திண்ணை. நாம் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே சாக்கு விரித்து, அதன்மேல் பனியன் வேஸ்ட் துணி போட்டு, சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார் ஒரு இளைஞர். பிஸ்டன், ரிங், வால்வு, புஷ் ராடு, பல்சக்கரங்கள் என எல்லாம் கழற்றிய வரிசையிலேயே இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸால் எண் போட்டிருந்தது.

அவருக்கு வயது 27. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களுக்கு மெக்கானிக். அருந்ததியர் குடும்பம். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

"அளவு தப்புனா அந்த மெஷினு நூலை அறுக்கும். இது பிஸ்டனைப் புடிச்சுக்கும். அவ்வளவுதானுங்க வித்தியாசம்" என்றார்.

திண்ணையில் கிடந்தது 1980-களில் சென்னை திருவொற்றியூரில் செய்த 350 புல்லட்டின் என்ஜின். பிறப்பு இங்கிலாந்து. ரெட்டிட்ச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் உருவாக்கிய வண்டி இது. ரெட்டிட்ச், தையல் ஊசி செய்வதில் உலகப் புகழ் பெற்ற ஊர். ஊசி ஊரில் பிறந்த என்ஜினை பனியன் ஊரில் ஒரு தையல் மெஷின் மெக்கானிக் பிரித்து வைத்திருந்தது நமக்கு வேடிக்கையாக இருந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றுவிட்டது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் சுமார் 2010 வரை பெரிய மாற்றமின்றி வந்துகொண்டிருந்தது. அதனால்தான் இன்றும் சாமான் கிடைக்கிறது, வீட்டில் வைத்தும் வேலை பார்க்க முடிகிறது.

இரண்டு தீபாவளி போனஸைச் சேர்த்து, பழைய இரும்புக் கடையில் கிடந்த இந்த வண்டியை வாங்கியிருக்கிறார். ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தாராம். கிக்கரை மிதித்தால் இறங்கவே இல்லை. ஞாயிறு தவிர வேறு நாள் கிடையாது, ஆகவே எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

சிலிண்டரைப் போரிங் பட்டறையில் அளந்தபோது, ஏற்கெனவே '20 சைஸ்' தள்ளியது தெரிந்தது. இப்போது '40 சைஸ்' பிஸ்டன். அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 40 பங்கு, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கூடுதல். இந்தக் கணக்கைச் சொன்னது அவருடைய தங்கை. அருந்ததியருக்கு 2009-ல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறார். சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ., ஆகவே கொள்ளளவு 346 சி.சி. விட்டம் 71 ஆனால் 356 சி.சி. சுவரில் கரித்துண்டால் போட்டுக் காட்டினார். மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம், வட்டத்தின் பரப்பளவு தெரிந்தால் போதும்.

கிராங்கை மட்டும் கோவைக்கு அனுப்பி, புதுப் பின் போட்டு பிரஸ்ஸில் அழுத்தி வாங்கியிருக்கிறார்கள். அது வீட்டு வேலை அல்ல. மற்றதெல்லாம் திண்ணையில்தான். வால்வைப் பேஸ்ட் தடவிக் கையாலேயே உருட்டி உருட்டி உட்காரவைத்து, மேலே மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று ஒரு இரவு முழுக்க வைத்துப் பார்த்திருக்கிறார். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயின்ட் திறக்க வேண்டும். அதைப் பார்க்க ஒரு மெல்லிய காகிதத்தைப் பாயின்டுக்கு நடுவில் வைக்கிறார். காகிதம் எப்போது கையோடு வருகிறதோ அதுதான் நேரம்.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டார். ஆயில் பம்பைச் சுற்றவைக்கும் வார்ம் நட்டுக்கு இடது மரை. எல்லா நட்டையும் போல இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். இரண்டு ஞாயிறு அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

"பட்டறையில மூணு வருசம் இருந்தீங்களே, அங்க பார்த்ததில்லையா?" என்று கேட்டோம்.

சிரித்தார். பத்தாவது முடித்ததும் ஒரு பட்டறையில் சேர்ந்திருக்கிறார். வண்டி கழுவுவது, சக்கரம் கழற்றுவது, சாமான் வாங்கிவருவது அவர் வேலை. டீ வந்தால் அவருக்குத் தனி கிளாஸ். "என்ஜினுக்கு சைடு கவர் கழட்டறப்ப எல்லாம் என்னைய டீ வாங்க அனுப்பிருவாங்க. முதல்ல எனக்குப் புரியலைங்க. ஒரு வருசம் ஆச்சு புரிய." பிற பையன்கள் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருப்பார்களாம்.

இந்த இடத்தில் நமக்கு ஜி.டி.நாயுடு நினைவு வந்தது. கோவை கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் சர்வராக வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கிப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றார். நம் பள்ளிகளில் பெருமையாகச் சொல்லப்படும் கதை, பெருமைக்கு உரியதும்தான். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நமக்கு எண்ணமில்லை. ஆனால் அந்தக் காலத்து ஓட்டலில் ஒரு அருந்ததியர் வீட்டுப் பையனைச் சர்வராக வைத்திருப்பார்களா? இலை எடுக்கக்கூட உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். முதல் முந்நூறு ரூபாய் சேரும் இடத்திலேயே அந்தக் கதை நம் பிள்ளைகளுக்கு முடிந்துபோயிருக்கும்.

இந்த இளைஞரின் அப்பாரு, கவலை இறைத்த காலத்தில் தோட்டங்களுக்குத் தோல் தும்பி தைத்தவர். ஆயில் என்ஜினும் கரன்ட் மோட்டாரும் வந்ததும் அந்தத் தொழில் போனது. அவருடைய தோல் அறுக்கும் கத்தியும் குத்தூசியும் வீட்டில் இருக்கின்றன. என்ஜினுக்கு வேண்டிய பேப்பர் கேஸ்கெட் எல்லாவற்றையும் பேரன் அந்தக் கத்தியால்தான் வெட்டியிருக்கிறார். கடையில் வாங்குவதைவிட ஓட்டைகள் சுத்தமாக இருந்தன.

இனி, பெயர் வேண்டாம் என்றதற்குக் காரணம். இவருடைய அப்பா சைக்கிளில் வேலைக்குப் போன காலத்தில், ஊர்த் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். இன்று அப்படி யாரும் இறங்கச் சொல்வதில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகத் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள் என்று அவர் குடும்பம் புகார் கொடுத்தது. மூன்று பேர் கைதானார்கள். அந்தச் செய்தியை இந்த வீட்டில் எல்லோரும் டி.வி.யில் பார்த்திருக்கிறார்கள். அவிநாசி பக்கமும் அமைதிப் பூங்கா அல்ல. 2018-ல் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் தடுத்து, அவரை இடம் மாற்றி, போராட்டத்துக்குப் பிறகு திரும்ப அழைத்தது இந்தப் பகுதியில்தான். அவிநாசி தனித் தொகுதியாகவும் இருக்கிறது.

"ஊருக்குள்ள ஓட்டாத கண்ணு, பைபாஸ்ல போயிக்க" என்று பாட்டி நம் முன்னாலேயே இரண்டு முறை சொன்னார். அவருக்குச் சத்தம்தான் பயம். "மொபெட்டுன்னா ஆருக்கும் கேக்காது. இது வந்தா ஊரே திரும்பிப் பாக்குமே."

பேரன் பதில் சொல்லவில்லை. டேப்பெட் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலுக்குச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுற்றிப் பார்த்து, லாக் நட்டை இறுக்கி, மறுபடி சுற்றிப் பார்த்தார். பிறகு ஆயில் ஊற்றி, பிளக் போடாமல், டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நிதானமாக மிதித்தார். ஆயில் மேலே ஏறுகிறதா என்று தங்கை டார்ச் அடித்துப் பார்த்தார். நாற்பது மிதி இருக்கும். "வந்துருச்சுண்ணா" என்றார்.

அன்று ஸ்டார்ட் செய்யவில்லை. கார்புரேட்டருக்கு ஒரு ஜெட் வர வேண்டியிருந்தது.

"புதுப் பிஸ்டனுங்க. முதல் 500 கிலோமீட்டர் வேகமாப் போகக் கூடாது" என்று கையைத் துடைத்துக்கொண்டே நம்மிடம் சொன்னார். "பைபாஸ்ல மெதுவாப் போனா லாரிக்காரன் அடிச்சுட்டுப் போயிருவான். ஊர் ரோட்டுலதான் ஓட்டணும்."

பாட்டி காதில் விழாத மாதிரி உள்ளே போனார்.