கருமாதிக்கு அடுத்த நாள்

கருமாதி முடியும் வரை துக்க வீட்டில் ஆளுக்குக் குறைவிருக்காது. சித்தி முறை ஒருவர் அடுப்படியைப் பார்த்துக்கொள்வார், மச்சான் முறை ஒருவர் வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார். காரியம் முடிந்ததும் பந்தல்காரர் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிவிடுவார். மகன் பெங்களூருக்கும் மகள் சென்னைக்கும் கிளம்பியாக வேண்டும், லீவு அவ்வளவுதான். மறுநாள் காலை விழிப்பு வரும்போது அந்த வீட்டில் ஒரே ஓர் ஆள். உடற்பயிற்சிக் குழு மாதிரி தினமும் கூடுகிறவர்கள் உதவிக்கு வர வேண்டியது அந்த நாளிலிருந்துதான் என்பது என் உறுதியான கருத்து.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோயம்புத்தூரில் நடைப்பயிற்சி என்றாலே ரேஸ்கோர்ஸ்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது தூரம். பீளமேட்டுப் பக்கம், தெருவை ஒட்டிய மாநகராட்சிப் பூங்காவில் ஐந்தரை மணிக்குக் கூடுகிறோம். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். முதலில் நடை. பிறகு கழுத்து, தோள், இடுப்புக்கான பயிற்சிகள், குதிகால் உயர்த்தல், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால். ஒருவர் உரக்க எண்ண, மற்றவர்கள் செய்வோம். எண்ணுகிற குரல் எங்களில் ஓர் அக்காவுடையது. அவர் கணவர் பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டியவர். ஒருநாள் இரவு மாரடைப்பில் போய்விட்டார்.

கணவனை இழந்தவர் விடிகாலையில் வாசல் தாண்டினால் எதிரே வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற பயம் இன்றும் எங்கள் தெருக்களில் இருக்கிறது. அக்கா அதை வாய்விட்டே சொன்னார்: “காலங்காத்தால நான் எதுக்குங்க டீச்சர் நாலு பேரு கண்ணுல பட்டுக்கிட்டு?”

அவரோடு வாதாடவில்லை. எங்களில் மூன்று பேர் ஐந்து மணிக்கெல்லாம் அவர் வீட்டு கேட்டருகே போய் நின்றோம். முதல் நாள் தலைவலி என்றார். சரிங்கக்கா என்று திரும்பிவிட்டோம். அடுத்த நாளும் போனோம். ஒருநாள் தெருமுனை வரை வந்தார். அப்புறம் பூங்கா வரை. பால்காரரும், கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களும் பார்க்க, நான்கு பேரும் ஒரே வரிசையில் நடந்தோம். அந்தச் சின்ன ஊர்வலத்தைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை உண்டு.

துக்கம் விசாரிக்கப் போனால் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாக வேண்டும். நடையில் அந்தச் சங்கடம் கிடையாது. பக்கத்தில் நடப்பவர் அழுதாலும் நாம் பாதையைப் பார்த்துக்கொண்டு போகலாம், அவரும் நடந்துகொண்டே அழலாம். “அவருக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்”, “நீங்கதான் தைரியமா இருக்கோணும்” இந்த இரண்டையும் யாரும் சொல்லக் கூடாது என்று குழுவில் கறாராகச் சொல்லியிருந்தேன். அவர் கணவரைப் பற்றி எடுத்தால் பேச்சை மாற்றவும் கூடாது. லேத்தில் வேலை பார்த்துப் பார்த்து அந்த மனிதருக்கு விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், கொதிக்கிற காப்பி டம்ளரை வெறுங்கையால் எடுப்பாராம். இதைச் சொல்ல அக்காவுக்கு ஆள் வேண்டியிருந்தது. நாங்கள் பல தடவை கேட்டோம்.

எண்ணுகிற வேலையை அவரிடமே திரும்பக் கொடுத்தேன். பாவம், சும்மா உட்காரட்டுமே என்றார்கள் சிலர், நான் ஒப்பவில்லை. குதிகால் பயிற்சிக்கு இருபது வரை எண்ண வேண்டும். பதினொன்றில் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர் “பன்னண்டு” என்று எடுத்துக்கொடுத்தார். பதினைந்தில் அக்காவே மறுபடி சேர்ந்துகொண்டார்.

துணையை இழந்த துக்கத்தில் உடம்புக்கும் ஆபத்து இருக்கிறது. பிரிட்டனில் காலின் மர்ரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும், மனைவியை இழந்த 55 வயதும் அதற்கு மேலுமான 4,486 ஆண்களைப் பற்றி 1969இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதங்களில் அவர்களுடைய இறப்பு விகிதம், அதே வயது மணமான ஆண்களைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதலில் இதய நோய்க்குப் பெரிய பங்கு. பெண்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த டகோட்சுபோ. கடும் அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை திடீரென வலுவிழந்து பலூன்போல் உப்பிக்கொள்ளும். அறிகுறிகள் அச்சாக மாரடைப்புதான். மாதவிடாய் நின்ற பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள் என்றாலும், நெஞ்சு வலியை ‘துக்கம்தானே’ என்று நினைத்து வீட்டில் படுத்திருக்கக் கூடாது; உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

அதனால் அக்காவுக்கு ஆரம்பத்தில் அரைச் சுற்றுதான். “ராத்திரி சாப்பிட்டீங்களாக்கா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் பயிற்சி. துக்கத்தில் தூக்கமும் பசியும் நேரம் தவறிவிடும். விடிகாலை வெளிச்சமும் உடல் அசைவும் அவற்றைத் திரும்ப ஒரு நேரத்துக்குக் கொண்டுவர உதவும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எல்லோருக்கும் அதைச் சொல்கிற நான், அக்காவிடம் அந்தக் கணக்கை எடுக்கவே இல்லை.

நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற உளவியலாளர்கள் 1999இல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கப்படுகிறவர் சில நேரம் இழப்பில் மூழ்குவார், சில நேரம் அதை ஒதுக்கிவிட்டு ஆக வேண்டிய வேலைகளைப் பார்ப்பார். இப்படி மாறி மாறிப் போய்வருவது இயல்பு என்பது அவர்கள் கருத்து. நான் கண்ணால் பார்த்தது அப்படித்தான் இருந்தது. ஆக வேண்டிய வேலைகளோ நிறைய. இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ், பேங்க் கணக்கு, கரண்ட் இணைப்பில் பெயர் மாற்றம், 1995ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ் கணவரை இழந்தவருக்கான பென்ஷனுக்கு பி.எஃப். ஆபீசில் 10டி படிவம். எங்கள் குழுவில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உண்டு. பயிற்சி முடிந்ததும் அதே சிமென்ட் பெஞ்சில் ஃபைலைப் பிரித்து, அன்றைக்கு எந்த ஆபீஸ், எத்தனை ஜெராக்ஸ் என்று எழுதிக் கொடுப்பார். தேவைப்பட்டால் கூடவே போவார்.

குழுவால் ஆகாததும் உண்டு. சில மாதங்கள் கழித்து அக்கா வருவதைக் குறைத்தார். ஒருநாள், “அவரு போன எடத்துக்கே நானும் போயிட்டாத் தேவலைங்க” என்றார். ‘அப்படியெல்லாம் பேசாதீங்க’ என்று வாயை அடைக்காமல், உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்றார். அப்போதே 14416ஐ அழைத்தோம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். மகளுக்கும் சொன்னோம். அவர் வந்து சேரும்வரை எங்களில் இரண்டு பேர் அந்த வீட்டிலேயே படுத்துக்கொண்டோம். துக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் குறையாமல், அன்றாட வாழ்க்கையே நடக்காத அளவுக்கு நீடித்தால் அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகவே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. உயிரை வெறுக்கும் பேச்சுக்கோ ஆறு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை அக்கா இப்போதும் சாப்பிடுகிறார், பயிற்சிக்கும் வருகிறார். திதி வருகிற வாரம் வர மாட்டார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை, சாயங்காலம் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். மற்ற நாள்களில் எண்ணுவது அவர்தான். சில காலைகளில் இருபதில் நிறுத்தாமல் இருபத்தைந்து வரை போய்விடுகிறார். முழங்கால் வலிக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.