வைத்தியர் செய்துகொள்ளாத பரிசோதனை

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென வந்து ஆளை வீழ்த்தும் வியாதியன்று. மனித பாப்பிலோமா வைரஸ் நெடுங்காலம் குடிகொண்டுவிட்ட இடத்தில் அணுக்கள் படிப்படியாக விகாரமடைந்து புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருஷங்கள் பிடிக்கின்றன. இத்தனை அவகாசம் தரும் நோய்க்குப் பெண்கள் பலியாவானேன் என்று கேட்டால், வறுமை, அறியாமை, கூச்சம் என்று நோயாளியின் தலையிலேயே பழியைப் போட்டுவிடுவது எளிது.

உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவிலுள்ள முலாகோ ஆஸ்பத்திரியில் டாக்டர்கள், நர்ஸுகள், கடைசி வருஷ மருத்துவ மாணவர்கள் ஆகியோரை விசாரித்து 2006-ல் வெளியான ஆய்வோ வேறு கதை சொல்லுகிறது. இந்நோய் நாட்டின் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பதை 93 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டனர். ஆனால் அவர்களுள் பெண்களாக இருந்தவர்களில் 81 சதவீதத்தினர் ஒருமுறையேனும் இந்நோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனையைச் செய்துகொண்டதில்லை. நோய்க்குறி ஒன்றும் இல்லையே, எனக்கெங்கே வரப்போகிறது, உள்ளே கருவியை விடுவதற்குப் பயம், வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும் என்று அவர்கள் கூறிய சமாதானங்களில், வார்டுக்கு வரும் பாமரப் பெண் சொல்லாதது எது?

இதைவிட என் மனத்தை உறுத்துவது மாணவர்களைப் பற்றிய தகவல்தான். கர்ப்பப்பை வாயைக் கண்ணால் காண்பதற்கு இன்றியமையாத ஸ்பெகுலத்தைப் பிரயோகிக்கத் தமக்குப் போதிய தேர்ச்சி உண்டென்று கருதியவர்கள் 14 சதவீதத்தினரே. கர்ப்பப்பை வாயிலிருந்து அணுக்களை வழித்தெடுத்துச் சோதிக்கும் பாப் ஸ்மியரை 87 சதவீதத்தினர் ஒருமுறைகூட எடுத்துப் பழகியதில்லை. புஸ்தக ஞானத்துக்குக் குறைவில்லாத இடத்திலும் கை பழகவில்லையென்றால், நோயாளியிடம் பேச்செடுக்கவே வாய் தயங்குமென்பது என் அபிப்பிராயம்.

கை பழகினால் என்ன நேரும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களே சாட்சி. 2000 முதல் 2003 வரை அங்கே, பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெண்திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அன்றைக்கே அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்படாத பகுதிகளோடு ஒப்பிடுகையில் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-ல் லான்செட் பத்திரிகை பிரசுரித்தது.

பெண்கள் தாமே மாதிரி எடுத்துக் கொடுக்கும் வைரஸ் பரிசோதனையை உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்திருப்பதால், முதற்படியில் ஸ்பெகுலத்துக்கு வேலையில்லை, கூச்சத்துக்கும் இடமில்லை. ஆயினும் வைரஸ் இருப்பதாகத் தெரிந்த பெண்ணுக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று நிச்சயிப்பதற்கு, அந்தக் கருவியைக் கையாளத் தெரிந்த ஒருவர் பார்த்துத்தான் ஆகவேண்டும்.